அம்மா பார்த்தார்

தாரிணி இறந்த பிறகும், அவளுக்குப் பதிலாகத் தானே இயங்கும்படி அவள் பழக்கிவைத்த நிழல் கணக்கு, வீட்டுக் கணினியின் ஆவணக் கிடங்கில் வேலை செய்துகொண்டிருந்தது. மகள் யாழ்மொழி வரைந்து ஏற்றும் படங்களை அது உடனே திறக்கும். யார் பார்த்தது என்று காட்டும் பார்வைப் பதிவில் ‘அம்மா பார்த்தார்’ என்று ஒரு வரி விழும். குழந்தையை இப்படி ஏமாற்றக் கூடாதென்று, கணவன் குமணன் அந்தக் கணக்கை அணைக்க உட்கார்ந்தான். யாழ்மொழி வந்து தோளில் சாய்ந்தாள்.

“அணைச்சிருவீங்களாப்பா?”

“அது அம்மா இல்லடா கண்ணு. வெறும் மெஷின்.”

“தெரியும்ப்பா. அதையும் அணைச்சிட்டா என் படத்த யாருதான் பாக்குறது?”

குமணன் பதிவைக் கடைசிவரை உருட்டினான். எல்லா வரியிலும் அம்மாதான். அவன் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

அணைக்கும் பொத்தானை விட்டுவிட்டு, மகளை மடியில் இருத்திக்கொண்டு முதல் படத்தைத் திறந்தான்.

“இது யாருடா?”

“நீங்கதான்ப்பா.”