மூன்று விரல்கள்

பெயிண்ட்டைச் சுரண்டிய தகட்டில் ஈரக்கை பட்டாலே துருப்பிடிக்கும் என்பதால், பெயிண்டர் காசிம் அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுவார். ஆயுத பூஜையன்று காரின் உரிமையாளர் சிதம்பரநாதன் பட்டறைக்கு வந்து, சுரண்டிய பானட்டின் மேல் குழைத்த விபூதியை மூன்று விரலால் இழுத்துப் பூசிவிட்டுப் போனார். அதைத் துடைக்கக் காசிமுக்குக் கை வரவில்லை. சுற்றிலும் மட்டும் பிரைமர் அடித்தார்.

திடீரென இறந்துபோன சிதம்பரநாதனின் காரியம் முடிந்த மறுநாள் அவர் மனைவி கோமதி தனியாக வந்தார். விபூதி உதிர்ந்த இடத்தில் மூன்று விரல்களும் துருவாகப் பதிந்திருந்தன. காசிம் உப்புத்தாளை எடுத்தார்.

"தேய்க்காதீங்க. அது மேலயே பெயிண்ட் அடிச்சிடுங்க."

"உள்ளுக்குள்ளயே பரவும்மா. ஒருநாள் பெயிண்ட்டைப் பிச்சுக்கிட்டு வெளிய வந்துடும்."

கோமதி அந்தக் கோடுகளின் மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்தார்.

"எப்ப வரும்?" என்றார்.