எண்பதாயிரம் நாற்காலி

மாமல்லபுரம் ரிசார்ட்டில் நடந்த ஆண்டு விழாவில் குத்துவிளக்கு ஏற்றிய கையோடு ஜெரோமின் பெயரை மைக்கில் கூப்பிட்டுவிட்டார்கள்.

முதலாளி தீனதயாளன் ஒரு தங்கக் காசை அவன் கையில் வைத்து அழுத்தினார். "நம்ம கணக்குத் தம்பி இல்லன்னா இந்த வருஷம் நாப்பத்திரண்டு லட்சம் லாபம் ஏது?"

படாளம் நாற்காலி ஃபேக்டரியின் நூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். விசில் வேறு.

லாபமாவது, மண்ணாங்கட்டியாவது! ஜெரோமுக்கு உடம்பெல்லாம் கூசியது.

நாற்காலி செய்தாலும் செய்யாவிட்டாலும் வாடகை, சம்பளம், மெஷின் தேய்மானம் என்று அந்த ஃபேக்டரிக்கு வருஷம் இரண்டு கோடியே நாற்பது லட்சம் செலவு. இந்த வருஷம்போல இரண்டு லட்சம் நாற்காலி செய்தால் ஒவ்வொன்றின் தலையிலும் நூற்றிருபது ரூபாய் ஏறும்.

விற்றது ஒரு லட்சத்து இருபதாயிரம்தான். மிச்சம் எண்பதாயிரம் குடோனில் கிடக்கிறது. அவற்றின் தலையில் ஏறிய தொண்ணூற்றாறு லட்சமும் இந்த வருஷச் செலவில் வராது. சரக்கின் மதிப்பு என்று ஜம்மென்று உட்கார்ந்துகொள்ளும்.

ஆக, விற்கவே வேண்டாம். செய்துகொண்டே இருந்தால் போதும், லாபம் கொழிக்கும்!

இரண்டு கோடியே நாற்பதையும் இந்த வருஷத்தின் மேலேயே போட்டால் ஐம்பத்துநான்கு லட்சம் நஷ்டம். அந்தத் தாளையும் ஜெரோம் தயாரித்தான். அதை முதலாளி மட்டும் பார்த்தார். பேங்குக்குப் போனது லாபத் தாள். ஆடிட்டர் கேட்பதும் அதைத்தான். சட்டப்படி ஒரு தப்பும் கிடையாது.

ஆனால் ஜனவரியில், "உற்பத்திய ஏத்துங்க சார், லாபம் தானா ஏறும்" என்று யோசனை சொன்னதே அவன்தான். அதற்குச் சட்டம் என்ன செய்யும்?

மூன்று மாதம் இரண்டு ஷிப்ட், போதாததற்கு ‘ஓட்டி’ என்கிற ஓவர்டைம். பாவம், பொங்கலுக்குக்கூட ஒருத்தரும் லீவு போடவில்லை.

மத்தியானப் பந்தியில் பிரியாணித் தட்டோடு ஒரு மூலையில் ஒதுங்கினான். அங்கேயும் தேடி வந்துவிட்டாள், பேக்கிங்கில் வேலை செய்யும் ரோகிணி. முகமெல்லாம் சிரிப்பு.

"சார், உங்க புண்ணியத்துல ஓட்டி துட்டுலயே வூட்டுக்குச் சொவரு எழுப்பிட்டேன். தளம் போடறதுதான் பாக்கி. அடுத்த மாசமும் ஓட்டி கீதா சார்?"



இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் காலையில் தனக்காக எழுந்து நின்றவள் இவள். இவள் முன்னால் சிறுத்துப்போக அவனுக்கு மனசு வரவில்லை.

"இருக்கும்மா."

வெட்கங்கெட்ட வாய்! சொன்ன மறுகணமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ரோகிணி அங்கேயே நின்று புருஷனுக்குப் போன் போட்டாள்.

"யோவ், சேட்டு கடை தொறந்துதான் கீது. என் கம்மல வெச்சு மேஸ்திரிக்கு அட்வான்ஸ் குடுத்துடு. இன்னிக்கே குடு. ஜெரோம் சாரே சொல்லிட்டாரு, இன்னா பயம்?"



குடோனில் கிடப்பது விற்றுத் தீர எட்டு மாதமாகும். அதுவரை மெஷின் ஓட வேண்டியதில்லை. திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று அறுபது பேருக்குக் கடிதங்கள் நேற்றே தயாராகி முதலாளியின் மேஜைக்குப் போய்விட்டன.

அடித்துக் கொடுத்தது ஜெரோம்தான். அதில் ரோகிணியின் கடிதத்தை மட்டும், புருஷன் பெயரில் எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாதே என்று, இரண்டு தடவை சரிபார்த்திருந்தான்.