நான்காவது பெயர்

வெளியீட்டுக்கு வரும் பாட்டைக் கேட்டு, அதில் ஒலிப்பவர்கள் அத்தனை பேரையும் எங்கள் நிறுவனக் கணினியின் படிவமே பட்டியலிட்டுவிடும். ஒவ்வொருவரின் பெயரையும், பாட்டில் அவர் செய்ததையும் நிரப்புவது என் வேலை. ஒரு பெயர் விடுபட்டாலும் பாட்டு வெளியாகாது.

பாடகி செலின் முன்பு பதிவு செய்திருந்த பாட்டுக்கு நான்கு பேர் என்றது. பாடகி, கீபோர்டு, தபேலா. நான்காவது: "பாடகியின் வயிற்றுக்குள் ஓர் இதயத்துடிப்பு."

செலினுக்குப் போன் செய்து தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அதைப் பாடினப்போ எனக்கு ஆறாம் மாசம் தம்பி. பிள்ளை தங்கல. பேரும் வைக்கல."

"உங்க தாளத்துக்குச் சரியா ரெண்டு மடங்கு வேகம் மேடம். பாட்டு முழுக்க ஒரு இடத்துலகூட பிசகல."

அழுது முடித்துச் சொன்னார். "மனசுல நினைச்சு வச்ச பேரு ஒண்ணு இருக்கு. ஜெமிமா. அவ என்ன செஞ்சான்னு போடுவீங்க?"

தபேலாவுக்கு மேலே அவளை ஏற்றி, 'தாளம்' என்று அடித்தேன். படிவம் ஏற்றுக்கொண்டது.