தோற்கிற தொகுதி

"அவனுக்கு எதுக்கு மேடம் ஊத்தறீங்க?" ஆஷர் கரண்டியைப் பிடித்துக்கொண்டான்.

"வந்தவன் சாப்பிட வேண்டாமா?" என்றாள் நோரீன்.

"அவன் எதிர்க்கட்சி சம்பளம் குடுத்து அனுப்பின ஆளு. உங்க வாய் எப்ப தவறும்னு நாள் பூரா கேமராவும் கையுமா நிக்கறான். உங்க சூப்பைக் குடிச்சுட்டு உங்களையே படம் எடுப்பான்."

"பட்டினியா நின்னு எடுத்தா மட்டும் நான் படத்துல அழகா விழுவேனா?"

பீன்ஸ் சூப்பின் மேல் ஒரு துண்டு சோள ரொட்டியை வைத்துக்கொண்டு பின் சுவருக்கு நடந்தாள். தீயணைப்பு நிலையக் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலைதூக்கிப் பார்த்தார்கள். கென்டக்கி மலைப்பக்கத்தில் ஓட்டுக் கேட்பவர் தன் கையால் பரிமாறியாக வேண்டும். ஆனால் எதிரியின் ஆளுக்குப் பரிமாறி யாரும் பார்த்ததில்லை.

கேமராக்காரனுக்கு நாற்பது வயதிருக்கும். முக்காலிக்குப் பின்னால் நகராமல் நின்றான்.

"வாங்கக் கூடாதும்மா. வேலை போயிரும்."

"யாரு பாக்கப் போறா?"

"இதான் பாக்குது," என்று கேமராவைக் காட்டினான்.

கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். ஆஷர் சிரித்தான். தலைநகரத்திலிருந்து கட்சி அனுப்பிய பிரசார ஆலோசகன் அவன். இரண்டு மாதமாக அவளோடு இருக்கிறான்.

"நான் சொல்லல? அவன்கிட்ட ஜாக்கிரதையா இருங்க."

"உங்கிட்டயும்தான் தம்பி ஜாக்கிரதையா இருக்கணும் போல."

"ஏன் மேடம்?"

"நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவ. போன தேர்தல்ல இங்க நின்ன நம்ம ஆளுக்கு ஒரு போஸ்டர்கூட அனுப்பாத கட்சி இது. இந்த இடைத்தேர்தல்ல டிவியத் தொறந்தா என் மூஞ்சியாக் காட்டுது. லட்சக்கணக்கில டாலர். ஜெயிச்சிருவேன்னா நெனக்கிறாங்க?"

"வாய்ப்பு இருக்கு மேடம்."

"நெசமா?"

அவன் கூடத்தை ஒருமுறை பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "இல்ல. ஆனா போன தடவ நாப்பது சதவீத வித்தியாசத்துல தோத்த எடத்துல பத்துல தோத்தா, அது நாடு பூரா சேதி. எதிர்க்கட்சிக்காரங்க பயந்துபோய் இங்க வந்து பணத்தைக் கொட்டுவாங்க. இங்க கொட்டினது வேற தொகுதிக்குப் போகாது. நம்ம ஆளுங்களுக்குத் தெம்பு வரும். நன்கொடை வரும்."

"அப்ப நான் சோளக்கொல்லைப் பொம்மை."

"பொம்மைக்கு யாரும் இவ்வளவு செலவு பண்ண மாட்டாங்க. நீங்க மனசு விட்டுப் பேசினா கேக்கறவங்க உருகிடறாங்க. வெஸ்லியப் பத்தி ஒரே ஒரு நிமிஷம் மட்டும்..."

கரண்டி அண்டாவில் நின்றது.

"மொத நாளே பேசி முடிச்ச விஷயம் அது. என் மகன் ஓட்டுக்கு இல்ல."

முதுகுவலிக்கு மாத்திரை தின்ன ஆரம்பித்து, மாத்திரையை விட முடியாமல், இருபத்தாறு வயதில் முடிந்துபோன பிள்ளை. ஊருக்கெல்லாம் தெரியும். அவள் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

"சரி மேடம், விட்டுட்டேன்." ஆஷர் இரண்டு கைகளையும் தூக்கினான். "நான் கவலைப்படறது பின்னால நிக்கற ஆளைப் பத்தித்தான். நீங்க ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாப் போதும், மகனை வெச்சு ஓட்டுப் பிச்சை எடுக்கறாங்கன்னு ராத்திரியே டிவியில போட்டுருவாங்க."

அவள் பின் சுவரைப் பார்த்தாள். கேமராவின் கண் அவள் மேலேயே இருந்தது.

எட்டி கூம்ஸ் என்ற பெண் வரிசையில் வந்து நின்றாள். மேல்பள்ளத்தாக்கிலிருந்து எங்கும் இறங்கி வராதவள்.

"நீ எப்படி வந்த எட்டி?"

"உங்க கட்சிக் காரே வாசலுக்கு வந்துச்சு. உன்ன நான் பாத்தே ஆகணும்னு கூப்பிட்டாங்க." எட்டி கிண்ணத்தை நீட்டவில்லை. "என் மகளும் போயிட்டா நோரீன். அதே மாத்திரைதான். போன மாசம்."

நோரீன் கரண்டியை வைத்தாள்.

"உன் வெஸ்லி போனப்ப நான் வரல," என்றாள் எட்டி. "பெத்தவ சரியா வளர்க்கலன்னு பேசினவங்கள்ல நானும் ஒருத்தி. இப்ப ஊரு என்னப் பேசுது."

"பேசட்டும் கண்ணு. பேசட்டும்."

நோரீன் மேசையைச் சுற்றி வந்து எட்டியைக் கட்டிக்கொண்டாள். ஐந்து வருடமாக அடக்கி வைத்திருந்தது எட்டியின் தோளில் உடைந்தது. கூடத்தில் ஸ்பூன் சத்தம் நின்றுபோனது. வெஸ்லியின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சட்டென்று நினைவு வந்தவளாகப் பின் சுவரைப் பார்த்தாள்.

கேமரா தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தது. அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே நின்ற தீயணைப்பு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நோரீன் முகத்தைத் துடைத்தாள்.

"அவன் எடுத்துட்டானா தம்பி?"

"இல்ல மேடம். நீங்க அழ ஆரம்பிச்சதுமே கேமராவக் கவுத்துட்டான்."

"நல்லாத் தெரியுமா?"

"நான் பாத்துட்டேதான் இருந்தேன்."

"பாவம், அந்த ஆளைப் போயி என்னல்லாம் பேசினோம்." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த கிண்ணத்தை வாங்கினாள்.

"ஆமா மேடம்," என்றான் ஆஷர். ஊறுகாய் ஜாடியில் சாய்த்து வைத்திருந்த தன் ஃபோனை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த வீடியோப் பதிவை நிறுத்தி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.