கூப்பிடு தூரம்

எல்லாக் காடுகளையும் கூப்பிடு தூரத்துக்குள் கொண்டுவர விலங்குகளும் பறவைகளும் ஒரு சங்கம் வைத்திருந்தன. ஒரு காட்டில் கூப்பிட்டால் மரத்துக்கு மரம் உறுப்பினர்கள் நின்று குரலைக் கடத்துவார்கள். வருஷா வருஷம் உறுப்பினர்கள் பெருகியதில் செயலாளர் மைனாவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் உடும்பு மூச்சு வாங்க வந்து சேர்ந்தது.

"போன கோடையில எங்க காடு தீப்பிடிச்சுதுங்க. தொண்டை கிழியக் கத்தினோம், ஒருத்தர் காதுலயும் விழலை. எங்களையும் சங்கத்துல சேர்த்துக்கங்க."

"தாராளமா!" என்றது மைனா. "உங்க காட்டுல இருந்தே கூப்பிட்டு விருப்பத்தைச் சொல்லணும். அதுதான் விதி."

"அங்க கூப்பிட்டா இங்க கேட்காதுங்களே. அதனாலதானே நடந்து வந்தேன்."

"நேர்ல வந்து சொன்னா ஏத்துக்கிறதுக்குச் சங்கம் எதுக்குங்க? போய்க் கூப்பிடுங்க. நான் காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

உடும்பு திரும்பிப் போனது. மைனா சொன்னபடியே உட்கார்ந்திருந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

"மலைக்கு அந்தப் பக்கத்துக்காரங்களுக்குச் சேர விருப்பமில்லை," என்று ஆண்டுக் கூட்டத்தில் அது வருத்தத்தோடு அறிவித்தது.

கிளையில் இருந்த அணில் எட்டிப் பார்த்தது. "அங்க புகை தெரியுதே, செயலாளரே!"

மைனா திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "நெருப்பா இருக்காது. இருந்தா கூப்பிட்டிருப்பாங்க."