தேயாத பற்கள்

மண்ணெண்ணெய்த் தட்டிலிருந்து மாமா சைக்கிளின் பல்சக்கர அடுக்கை எடுத்துத் துணியால் துடைத்ததும் சின்னவளுக்குக் கை நின்றுவிட்டது.

ஆறு சக்கரங்கள். சின்னது இரண்டிலும் பற்கள் தேய்ந்து கொக்கியாக வளைந்திருந்தன. பெரியது இரண்டும் வாங்கிய அன்றைய பளபளப்பு மாறாமல் இருந்தன.

மேட்டில் ஏறுகிறவருக்குப் பெரிய சக்கரம்தான் தேயும். சின்னது தேய்வது சமதரையில் பறக்கிறவருக்கு.

மாமா பதினோரு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மலை ஏறுகிறார்.

இப்போதும் அதைத்தான் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள், கடையின் முன்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தபடி. "அஞ்சு மணிக்குக் கெளம்பினா திரும்பி வர மத்தியானம் ஆயிடும். சட்டையப் பிழிஞ்சா ஒரு வாளி வரும். பேசாம அந்த மலையையே கட்டிக்கிட்டிருக்கலாம், என்னை எதுக்குக் கட்டினாரோ!"

சின்னவள் "ம்" கொட்டினாள்.

பழைய ரேஸ் சைக்கிள்களைப் பிரித்துப் பூட்டுவதுதான் அவள் பிழைப்பு. ஊரில் பாதிப் பேரின் வண்டி அவள் கைக்கு வந்து போயிருக்கிறது. மாமா மட்டும் தன் வண்டியைத் தொட விட்டதில்லை. செயினுக்கு எண்ணெய் விடுவதுகூட அவரேதான். இன்று காலை அவராகவே கொண்டுவந்து நிறுத்தினார். "எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துடு" என்று சொல்லிவிட்டு முடி வெட்டிக்கொள்ளப் போனார்.

பின்சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றிவிட்டாள். ஞாயிறுதோறும் மலையிலிருந்து பிரேக் பிடித்தபடியே இறங்கினால், ரிம்மின் பக்கவாட்டில் குழி விழுந்திருக்க வேண்டும். கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். குழியே இல்லை. புதிதில் இருந்த மெல்லிய கோடுகள்கூட அழியவில்லை.

ஸ்போக்கின் முனைகளில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

மலைக்காற்றில் ஏது உப்பு?

கடலோரச் சாலை. ஊரிலிருந்து கடலுக்குப் போக நாற்பது கிலோமீட்டர், வர நாற்பது. மருந்துக்குக்கூட ஒரு மேடு கிடையாது.

எழுந்தாள். உட்கார்ந்தாள். சக்கரத்தில் கோட்டம் எடுக்க ஸ்போக் சாவியைப் பிடித்தவள், கால் சுற்று முறுக்க வேண்டிய இடத்தில் முழுச் சுற்று முறுக்கினாள். கோட்டம் இந்தப் பக்கம் வந்தது. தளர்த்தினால் அந்தப் பக்கம் போனது. கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை அது.

சொன்னால் அக்காவின் குடும்பம் போச்சு. சொல்லாமல் விட்டால், 'உனக்கும் தெரியுமாடி?' என்று ஒருநாள் அவள் கேட்கும்போது முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"அவரும் வந்துடுவாரு, மூணு டீ வாங்கிட்டு வரேன்" என்று அக்கா எதிர்க்கடைக்குப் போனாள். அவள் தலை மறைந்த கையோடு மாமா பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். மேஜைமேல் இருந்த பல்சக்கரத்தைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

"யாரு மாமா அவ?"

சுற்றி வளைக்க அவளுக்குப் பொறுமை இல்லை.

மாமாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஒரு மாதிரியாகச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"அவ இல்லம்மா. உங்க அப்பா."

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாளில் வீட்டைப் பூட்டிச் சாவியோடு ஒரேயடியாகப் போனவர் அவர். பெரியவளும் சின்னவளும் பள்ளிக்கூடப் பையோடு இருட்டும்வரை வாசலில் நின்றார்கள். அன்றைக்குப் பிறகு அக்கா 'அப்பா' என்ற சொல்லை வாயில் எடுத்ததில்லை. அவள் காதுபட யாரும் எடுக்கவும் முடியாது.

கடலோரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தாராம். யாரோ சொல்லித் தெரிந்து ஒருமுறை பார்க்கப் போனாராம் மாமா. பிறகு விட முடியவில்லையாம். குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது, ஒரு வாய் ஊட்டிவிடுவது. மத்தியானத்துக்குள் வீடு திரும்ப வேண்டுமே என்று பறப்பது.

சின்னவளுக்குக் கோபம் பொங்கியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"எங்களப் பத்திக் கேட்டாரா?"

"ஒரு தடவகூட கேக்கல."

"வர்ற ஞாயித்துக்கெழம நானும் வரேன். மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்தை கேட்டாத்தான் எனக்கு ஆறும்."

மாமா தலையை ஆட்டினார், இல்லை என்று.

"போன ஞாயித்துக்கெழம நான் போறதுக்குள்ள போயிட்டாரு. அடக்கம் பண்ணிட்டுத்தான் வந்தேன்."

அன்றும் மத்தியானம் வீட்டுக்கு வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, அக்காவோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

சின்னவள் ஸ்போக் சாவியைக் கீழே வைத்தாள். வெளியே அக்கா டீக்கடைக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

"ஒரு வாரமா சொல்லணும் சொல்லணும்னு பாக்கறேன், வாய் வரல" என்றார் மாமா. "நீ பிரிச்சுப் பாத்தா உனக்குத் தெரிஞ்சுடும். அதுக்காகத்தான் வண்டியக் கொண்டாந்தேன்."

அக்கா மூன்று கிளாஸ்களையும் சிந்தாமல் பிடித்தபடி, காலால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

சின்னவள் போய் ஒவ்வொன்றாக வாங்கி மேஜைமேல் வைத்தாள். பிறகு கடையின் முன்கதவைச் சாத்தினாள்.

"அக்கா, இப்படி வந்து உக்காரு."