கடைசிப் படம்

1994 சுதந்திர தினம். துடியலூர் மன்றத்தில் தம்பதிகளுக்கான போட்டி. பழைய ராணுவ விமானத்தின் படத்தைப் பார்த்து, இருவரில் யாராவது பெயர் சொல்ல வேண்டும்.

கடைசிப் படம். கிருபாசங்கருக்குப் பெயர் தொண்டை வரை வந்தது, வாய்க்கு வரவில்லை. பத்து வருடமாக விமானப் புத்தகம் வாங்கிக் குவித்து என்ன பிரயோசனம்? தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்னும் அஞ்சே செகண்டுங்க" என்றார் நடுவர்.

சலித்துப்போய் வெளியே சென்றிருந்த மனைவி லோகப்பிரியா, அவசரமாக உள்ளே வந்தாள்.

"ஏனுங்க, டகோட்டா..."

"கரெக்ட்டுங்க!" அரங்கமே கைதட்டியது.

கோப்பையோடு வாசலுக்கு வந்தும் அவனுக்குப் பொருமல் அடங்கவில்லை.

"எனக்கே வராத பேரு உனக்கெப்படி அம்மணி தெரிஞ்சுது?"

அவள் அவனுடைய ஓட்டை ஸ்கூட்டரைக் காட்டினாள்.

"எனக்கென்னங்க தெரியும்? நம்ம டகோட்டா வண்டி மறுபடியும் பஞ்சருன்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள கைதட்டிப்போட்டாங்க."